ஒற்று தூங்குமிடம்

மார்ச் 3, திங்கள்

அக்கா,

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்குமுன் இன்னும் ஒரு வரி படி. நான் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறேன்.

இனி நீ கிழிக்கமாட்டாய்.

எங்கள் அச்சகத்தில் காகிதக் கட்டுகளை அடுக்கிவைக்கும் அறையில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. நாலை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். மிச்சமிருந்த ஒன்று, நான் மெய்ப்புத் திருத்தும் மேஜைக்கு அடியில் வந்து என் பைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. மெஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஒங்களப் பிடிச்சாச்சு. இனிமே ஒங்க பாடு" என்று போய்விட்டார். எட்டு வாரக் குட்டி. பழுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. பெயர் ஒற்று. வேண்டாத இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது, வேண்டிய இடத்தில் காணாமல் போகிறது. என் தொழிலில் இருப்பவளுக்கு வேறு பெயர் தோன்றாது.

பகலெல்லாம் அது தங்கம். இரவில்தான் என்னைக் கொல்கிறது. கம்பிக் கூண்டு ஒன்று வாங்கினேன். அதோடு வந்த சின்னப் புத்தகத்தில், கூண்டைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், அழுது அழுது தானாக ஓயும் என்று போட்டிருந்தது. சமையலறையில் வைத்துச் சாத்தினேன். நாலு இரவு ஆயிற்று. ஓயவில்லை. அழுகை என்றால் உனக்குத் தெரிந்த அழுகை இல்லை, அக்கா. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய ஊளை எங்கே இருக்கிறது?

வீட்டுக்காரர் கீழ்வீட்டில் இருக்கிறார். பேக்கரி வைத்திருப்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசையப் போகவேண்டும் என்பதால் எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். நேற்று மாடியேறி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இந்த வீட்ல ஒண்ணு நான் தூங்கணும், இல்ல அது தூங்கணும்."

"ரெண்டு பேரும் தூங்கலாமே அண்ணே" என்றேன்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்! இருபத்துமூணாந்தேதி, ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல முடியாது. வேற எங்கயாவது குடுத்துடுங்க."

பிராணிகள் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கும் ஒருத்தியை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் இருவரும் கத்துவோம். எழுத்தில் உன்னால் குறுக்கே பேசமுடியாது.

நீ கடைசியாக என்னிடம் சொன்ன வாக்கியம்: "உன்கிட்ட உயிருள்ள எதையும் நம்பிக் குடுக்கக்கூடாது." இந்த ஐந்து மாதத்தில் அதை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் கிடைக்கவில்லை. நீ பயிற்சிக்குப் போன ஆறு நாளும் நான் ஒரு தடித்த புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உன் மீன்களுக்கு இரை போட மறந்தேன். நாலும் செத்தன. ஆனால் இந்தக் குட்டியை மட்டும் விடமாட்டேன். என்ன செய்யவேண்டும் என்று எழுது.

உன் தங்கை


மார்ச் 6, வியாழன்

புழுவுக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறாய், அதிலும் நாய்க்குட்டிப் பெயருக்கு இலக்கண விளக்கம். புத்தகப்புழு என்று உனக்குப் பெயர் வைத்தவள் நான், அது வீண்போகவில்லை. ஒற்று என்று கூப்பிட்டால் எனக்கு நாக்கு சுளுக்குகிறது. நான் குண்டு என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தச் சின்னப் புத்தகத்தை அடுப்பில் போடு. அச்சில் வந்ததையெல்லாம் நம்புகிறாயே, அதை அச்சடிக்கிற இடத்தில்தானே வேலை பார்க்கிறாய்? பிறந்ததிலிருந்து நாலு உடம்போடு ஒட்டிப் படுத்த குட்டி அது. தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினால் தன்னை யாரோ தொலைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கும். இன்றைக்கே கூண்டைத் தூக்கி உன் கட்டிலுக்குப் பக்கத்தில், நீ கையை நீட்டினால் விரல் படுகிற தூரத்தில் வை. நீ உடுத்திக் கழற்றிய பழைய துணி ஒன்றை உள்ளே போடு. துவைக்காதே, உன் வாசனைதான் வேண்டும். மேலே ஒரு போர்வையை மூன்று பக்கமும் தொங்கவிடு.

சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளேயே வை. ஒரு வாரத்துக்கு அதற்கு நல்லது எது நடந்தாலும் அதற்குள்தான் நடக்கவேண்டும். முதலில் கதவைத் திறந்தே வை, பிறகு ஒரு நிமிடம் சாத்து, பிறகு ஐந்து. படுப்பதற்குமுன் ஒருமுறை வெளியே கூட்டிப் போ. ராத்திரி நடுவில் ஒருமுறை மூத்திரத்துக்கு எழும், அதற்குத் தூக்கிப் போ; விளையாட்டு கிடையாது, கொஞ்சல் கிடையாது. மற்றபடி கத்தும்போது திறக்காதே. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தும் பார், அப்போது திற. கத்தினால் கதவு திறக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் உன் பேக்கரிக்காரர் கதி அதோகதி.

முக்கியமானது: திறக்கும்போதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை சொல். தினமும் அதே வார்த்தை. அந்த வார்த்தை வந்தால்தான் கதவு, வராவிட்டால் தூக்கம். குட்டிகள் இதை நாலே நாளில் பிடித்துக்கொள்ளும், உன்னைவிடச் சீக்கிரம்.

நான் சொன்ன வாக்கியத்தை எழுதியிருக்கிறாய். நீ சொன்ன பதிலை எழுதவில்லையே? "சரி" என்றாய். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாய். நீ திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், ராத்திரி சாப்பாட்டுக்குள் முடிந்திருக்கும். "சரி" என்கிறவளிடம் என்னடி பேசுவது?

அக்கா


மார்ச் 10, திங்கள்

அக்கா,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். பகலில் ஜெயித்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் ஒற்று தானாகவே கூண்டுக்குள் போய், என் பழைய சட்டையை மூக்கால் சுருட்டித் தலையணையாக்கிக்கொண்டு தூங்கியது. நான் சமைக்கும்போது அரைமணி நேரம் கதவைச் சாத்திவைத்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

திறக்கும் வார்த்தையாக "சரி"யை வைத்துக்கொண்டேன். உனக்குக் குத்திக்காட்ட இல்லை. சின்ன வார்த்தை, வாயில் சட்டென்று வருகிறது. நான் "சரி" என்று சொல்லி முடிப்பதற்குள் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வந்து விழுகிறது.

ஆனால் இரவு இன்னும் அப்படியேதான். எட்டரைக்குத் தூங்குகிறது. நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, விளக்கைத் தாழ்த்திவைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆற்றுப் பாசனத்தின் வரலாறு, எழுநூறு பக்கம், மாதக் கடைசிக்குள் முடிக்கவேண்டும். பத்து நிமிடம் ஆகியிருக்காது, தூக்கிவாரிப் போட்டாற்போல் எழுந்து கதவைச் சுரண்டிக் கத்துகிறது. நான் அசையாமல் இருக்கிறேன். ஓய்ந்து படுக்கிறது. மறுபடி எழுகிறது. நேற்று பதினான்கு தடவை. பதினொன்றரைக்கு நான் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, என்ன கோபமோ, ஒரு தடவை மூத்திரத்துக்கு எழுந்ததோடு சரி, காலைவரை தூங்குகிறது. என்னைப் பார்த்தால்தான் அதற்குப் பிடிக்கவில்லையா?

இன்று காலை படியில் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நேத்து ரெண்டு தட்டு பன்னுல சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டேம்மா. இருபத்தாறு வருஷத்துல மொத தடவ. ஒருத்தர் தின்னுட்டு நேரா திரும்பி வந்து, 'அண்ணாச்சி, இது பன்னா ஊறுகாயா'ங்கறாரு."

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நம் வீட்டில் யாருக்கும் அது வராது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்னும் பதின்மூன்று நாள்.

உன் தங்கை


மார்ச் 13, வியாழன்

புழு,

கடைசி வரிக்கு மேலே ஏதோ எழுதி அடித்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கிற விளக்கில் பிடித்துப் படித்துவிட்டேன். "ஒருவேளை நீ சொன்னதுதான் உண்மையோ, குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமோ." அடித்தது நல்லதாயிற்று. கொடுக்காதே. கொடுத்தாயானால் அங்கே வந்து உன்னைக் கூண்டில் போடுவேன்.

பயந்த குட்டி நீ விளக்கை அணைத்ததும்தான் அதிகமாகக் கத்தும். மூத்திரம் முட்டுகிற குட்டி பதினான்கு தடவை எழுந்தால் கூண்டு நனைந்திருக்கும். உன்னுடையது இரண்டும் இல்லை. நீ விழித்திருக்கும்போது கத்துகிறது, நீ தூங்கினால் தூங்குகிறது. அப்படியானால் எழுப்புகிறவள் நீதான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஒரு நோட்டை எடு. மணி, அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய், குட்டி என்ன செய்தது. எல்லாவற்றையும் எழுது. தும்மினால் தும்மினேன் என்று எழுது. எங்கள் டாக்டரிடம் உன் கதையைச் சொன்னேன். "உங்க தங்கச்சி குறட்டை விடுறவங்களா?" என்று கேட்டார். முழித்துக்கொண்டே யாராவது குறட்டை விடுவார்களா என்றேன். "நீங்க மீட்டிங்ல விடுறீங்களே" என்கிறார். இந்த மனுஷனோடு ஒன்பது வருடம்.

நாளைக் கடத்தாதே.

அக்கா


மார்ச் 16, ஞாயிறு

அக்கா,

இதோ, நேற்று இரவின் நோட்டு. வரிக்கு வரி எடுத்து எழுதுகிறேன்.

8.35. தூங்கிவிட்டது. மெய்ப்பு ஆரம்பித்தேன்.
8.47. பக்கம் 412, இரண்டு எழுத்துப்பிழை. திருத்தியாயிற்று, சரி. குட்டி எழுந்து கத்தியது.
8.58. பக்கம் 413, ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. சரி. எழுந்தது.
9.06. பக்கம் 414, பிழையில்லை. சரி. எழுந்தது. அது ஓய்ந்து படுத்த பிறகு, கீழே வீட்டுக்காரர் உத்தரத்தைத் துடைப்பக்கட்டையால் இரண்டு முறை தட்டினார். அதற்கு எழவில்லை.
9.20. தும்மினேன். எழவில்லை.
9.31. பக்கம் 415, அடிக்குறிப்பில் ஆண்டு தவறு. சரி. எழுந்தது.

இப்படியே பதினொன்றரை வரைக்கும். மற்றதெல்லாம் இதே மாதிரிதான், உன்னைச் சலிக்கவைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். கத்தும்போது அது நடுங்கவில்லை. கதவின் தாழ்ப்பாளுக்கு நேராக நின்றுகொண்டு வாலை ஆட்டுகிறது. யாரோ கூப்பிட்டு, போனால் கதவைத் திறக்காமல் நிற்பது மாதிரி, அதன் முகத்தில் ஒரு நியாயமான கோபம் தெரிகிறது. அழுகிற முகம் இல்லை அது. எனக்குப் புரியவில்லை.

இன்னும் ஏழு நாள். வெள்ளைக் காதைத் தடவிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை: அந்த நாலு மீனையும் நம் பால்கனியில் மல்லிகைத் தொட்டியில் புதைத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றினேன். பழைய மெய்ப்புக் காகிதம்தான். வேறு காகிதம் என்னிடம் ஏது.

உன் தங்கை


மார்ச் 18, செவ்வாய்
(அவசரத் தபால்)

அடி மண்டு!

சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தைப் பிரித்தேன். மூன்றாவது வரியில் டிபன் டப்பாவைத் தட்டிவிட்டேன். டாக்டர் ஓடிவந்து, "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்கிறார். "ஒண்ணுமில்ல சார், என் தங்கச்சி ஒரு அறிவாளி" என்றேன்.

நோட்டைத் திரும்பப் படி. தும்மினாய், எழவில்லை. துடைப்பக்கட்டைக்கு எழவில்லை. எழுந்த ஒவ்வொரு வரியிலும் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? "சரி." கதவு திறக்க என்ன வார்த்தை வைத்தாய்? "சரி."

நீ காகிதத்தில் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பதினோரு வருடம் உன்னோடு ஒரே அறையில் படுத்தவள் நான். எனக்கல்லவா தெரியும். பக்கம் முடிந்தால் வாய்விட்டு "சரி". பரீட்சைக்குப் படிக்கும்போது பத்திக்குப் பத்தி "சரி". எத்தனை ராத்திரி தலையணையை எடுத்து உன்மேல் எறிந்திருப்பேன்! நீ சொல்வது உனக்கே கேட்காது. குண்டுவுக்குக் கேட்கிறது. பாவம், தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வா, கதவு திறக்கப்போகிறேன்" என்று கூப்பிட்டுவிட்டு, வந்தால் திறக்காமல் மெய்ப்புப் பார்க்கிறாய். அது கத்தாமல் கும்பிடுமா? உனக்குப் பணிந்துதான் அத்தனை தடவையும் எழுந்திருக்கிறது. அவ்வளவு கெட்டிக்காரக் குட்டி.

இன்றே வார்த்தையை மாற்று. நீ தெரியாமல்கூடச் சொல்லமுடியாத வார்த்தையாக வை. "மன்னிச்சுக்கோ" வைத்துக்கொள், நம் வீட்டில் தவறிப்போய்க்கூட யார் வாயிலும் வராது.

நானே முதலில் பழகிப் பார்க்கிறேன். கேள்.

பயிற்சிக்குக் கிளம்புகிற அவசரத்தில் மீன்தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். குழாயில் பிடித்ததை ஒருநாள் வைத்திருந்து ஊற்றவேண்டும். அப்படியே ஊற்றினேன். அதில் இருக்கிற குளோரின் மருந்து மீனுக்கு விஷம். நன்றாக வளர்ந்த மீன் ஆறு நாள் பட்டினியில் சாகாது, புழு. ஒன்பது வருட நர்ஸுக்கு இது தெரியாதா? திரும்பிவந்து தொட்டியைப் பார்த்த நிமிடமே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் உன்னிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று ஐந்து மாதமாக எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய். 

என்னை மன்னிச்சுக்கோடி.

எழுதிவிட்டேன். தபாலுக்கு நேரமாகிறது.

அக்கா


மார்ச் 24, திங்கள்

அக்கா,

உன் கடிதத்தை மூன்று துண்டாகக் கிழித்தேன். கோபம் வராது என்று நினைத்தாயா? ஐந்து மாதம் நான் கடைத்தெருவில் மீன் விற்கும் கடையைக்கூடச் சுற்றிப் போனேன். அரைமணி நேரம் அறைக்குள் நடந்தேன். பிறகு கோந்து போட்டு ஒட்டினேன். கோந்தில் பாதியை ஒற்று தின்னப் பார்த்தது, அதோடு மல்லுக்கட்டியதில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை. இரை போட மறந்தது நான்தான், அது உண்மை. மற்றதை நீ எடுத்துக்கொள். பங்கு பிரித்தாயிற்று.

நீ சொன்ன வார்த்தையை நாய்க்கு வைக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொன்னால் அது தேய்ந்துவிடும், நமக்கு இன்னும் தேவைப்படலாம். "பூசணிக்காய்" வைத்தேன்.

வியாழக்கிழமை பகல் முழுக்க ஒற்றுக்குப் பூசணிக்காய்ப் பாடம். சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டது. கஷ்டப்பட்டது நான்தான். இரவு ஒரு பென்சிலைக் குறுக்கே பல்லில் கடித்துக்கொண்டு மெய்ப்புப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, பக்கம் முடியும்போதெல்லாம் என் வாய் தானாகத் திறக்கப்பார்க்கிறது! நீ பதினோரு வருடம் எப்படித்தான் தூங்கினாய்? பத்து மணிக்குப் பென்சில் நழுவிவிட்டது. "சரி" என்றுவிட்டேன். ஒற்று எழுந்து உட்கார்ந்தது. நான் மூச்சுவிடவில்லை. அது தாழ்ப்பாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு, நீ சொல்வதற்கெல்லாம் ஓடிவர இனி நான் ஆள் இல்லை என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

வெள்ளி இரவு சத்தமே இல்லை. சனியும் இல்லை.

ஞாயிறு, அதாவது நேற்று, கெடு. இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரர். பனியன், லுங்கி, கையில் ஒரு பொட்டலம். நிலைப்படியைத் தாண்டவே இல்லை.

"தூங்கலியாண்ணே?"

"ரெண்டு நாள் நல்லா தூங்கினேன். இன்னிக்கி வரல." தொண்டையைச் செருமினார். "சத்தமே இல்லியேம்மா. குடுத்துட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான் ஒரு வேகத்துல சொன்னதும்மா அது. தூங்காதவன் வாயில என்ன வரும்? தேதியெல்லாம் சொல்லியிருக்கேன் பாருங்க, கோர்ட்டு மாதிரி. எங்க விட்டிருக்கீங்கன்னு சொல்லுங்க. காலைல கடைய அடச்சிட்டு நானே போய்த் தூக்கிட்டு வந்துடுறேன்."

உதட்டில் விரலை வைத்து, அவரை உள்ளே அழைத்துப் போய்ப் போர்வையைத் தூக்கிக் காட்டினேன். ஒற்று மல்லாந்து, நாலு காலையும் நாலு திசைக்கு விட்டுக்கொண்டு கிடந்தது.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். "உசுரோட இருக்கா?" கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"வயித்தப் பாருங்க."

வயிறு ஏறி இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுப்பில் பன் உப்புவதைப் பார்க்கிற மாதிரி.

"என்னம்மா பண்ணீங்க?"

"நான் வாய மூடினேண்ணே."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இத்தன நாளும் அது சத்தம் போடல. நான்தான் போட்டிருக்கேன். மன்னிச்சுக்கோங்கண்ணே."

வந்துவிட்டது, அக்கா! எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. அவருக்கு அதன் அருமை தெரியவில்லை. "இதுக்கெல்லாம் என்னம்மா" என்று பொட்டலத்தை நீட்டினார். பன். நான் தயங்குவதைப் பார்த்து, "சர்க்கரதான், தின்னு பாத்துட்டேன்" என்றார். போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். ஏழாவது படி கிறீச்சிட்டது. அப்படியே உறைந்துபோய்த் திரும்பி என்னைப் பார்த்தார். கையைக் காட்டினேன்: தூங்குது, போங்க.

பதினொன்றுக்குக் குட்டியை ஒருமுறை வெளியே கூட்டிப் போய் வந்தேன். அதன் பிறகு, இதை மெதுவாகப் படி, காலை ஆறு இருபது வரை ஒரே தூக்கம். ஏழேகால் மணி நேரம். மூன்று மணிக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போன சத்தத்துக்கும் அசையவில்லை. அது எழுந்ததும் கத்தவில்லை. கொட்டாவி விட்டது. முன்னங்காலை நீட்டி முறுக்கிக்கொண்டது. தாழ்ப்பாளுக்கு நேராக வந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தது.

என்னைப்பற்றி உனக்குத் தெரியும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குச் சத்தம் எழும்பாது. ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்தேன், கூண்டுக் கதவைத் திறந்தேன், அடிவயிற்றிலிருந்து "பூசணிக்காய்!" என்று கத்தினேன்.

ஒற்று என் கைக்குள் பாய்ந்தது. தெருவில் பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி மேலே பார்த்து, "இங்க இல்லம்மா, காய்க்காரர் அடுத்த தெருவுல வர்றாரு" என்றார்.

"தேவையில்லண்ணே" என்று அவருக்கும் கத்திச் சொன்னேன். "நான் ஜெயிச்சுட்டேன்!"

புழு